இரண்டு ஓரத்திலும் ஒரே முகம்

ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தக் காதுதான் தெரிந்தது.

காதோடு முகமும் இருக்கத்தான் செய்தது. சுவரொட்டி ஒட்டியவர்கள் பசைக்குக் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஆனால் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த வாலுவுக்கு அந்த வலது காது ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதன் மேல் ஓரம் பிறை மாதிரிக் கடிபட்டிருந்தது. சின்ன வயதில் நாய் கடித்ததாம். அந்த மனிதரே எல்லாப் பேட்டியிலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"அந்த நாய் உயிரோட இருந்தா இன்னிக்கு அதுக்கும் ஒரு மாலை உண்டுக்கா" என்றான் வாலு.

வண்டியை ஓட்டிய லென்ஸ் சிரிக்கவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பதால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் அது. தையல் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள்; வாலு அவளுக்கு உதவியாள். வருகிற வழக்குகள் பெரும்பாலும் இரண்டே வகை: காணாமல் போன நாய், காணாமல் போன கணவன். இரண்டில் நாய்தான் சீக்கிரம் கிடைக்கும். தேடிப் பிடித்த பிறகு நன்றியோடு இருப்பதும் அதுதான் என்பது வாலுவின் கட்சி.

ஆனால் இந்த முறை வந்தது வேறு மாதிரி வழக்கு. கூப்பிட்டது அவள் படித்த பல்கலைக்கழகம். அதுவும் கூப்பிட்டவர் அவளுக்குப் பாடம் நடத்திய சார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல்மாடியில் ஒரு நீண்ட மண்டபம் உண்டு. அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் ஓவியங்கள் சுவர் முழுக்கத் தொங்கும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் பக்கத்தில், அதே அளவில், அவருடைய ஆசிரியரின் ஓவியம். அதுதான் அங்கே வழக்கம். திரை விலக்கும் நாளில் துணைவேந்தர் எல்லார் முன்னாலும் "யாரிடம் படித்தீர்கள்?" என்று கேட்பார். பெரியவரானவர் ஒரு பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நிற்பார். அடுத்த மாதம் அவர் படமும் சுவரில் ஏறும். ஓர் ஆசிரியர் அந்தச் சுவருக்குப் போக வேறு வழியே கிடையாது. எத்தனை புத்தகம் எழுதியிருந்தாலும் சரி, சுவரில் இருக்கும் ஒருவர் வாய் திறந்து பெயர் சொன்னால்தான் உண்டு.

இன்று மாலை திரை விலகப்போவது பத்திரிகைகள் 'பாலங்களின் மன்னன்' என்று எழுதுகிற அந்தக் காதுக்காரருக்கு. கடல்மேல் பாலம் கட்டியவர். அவர் சொல்லப்போகும் பெயர் சார் பெயர்தான் என்பது ஊருக்கே தெரியும். மன்னர் படத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஆணியை இப்போதே அடித்து வைத்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மண்டபத்திலிருந்து மன்னர் படித்த ஆண்டின் குழுப்படம் காணாமல் போனது.

அது சாதாரணப் படம் இல்லை. முக்காலியில் நிறுத்தி வைத்த கேமரா இடமிருந்து வலமாக மெல்லச் சுற்றிக்கொண்டே எடுக்கும் நீளமான படம். வருஷா வருஷம் ஒரு குறும்புக்காரன் இடது ஓரத்தில் நின்று முகத்தைக் காட்டிவிட்டு, கேமரா திரும்பும் நேரத்துக்குள் வரிசைகளுக்குப் பின்னால் குனிந்து ஓடி வலது ஓரத்திலும் நின்றுவிடுவான். ஒரே ஆள் இரண்டு ஓரத்திலும் இருப்பான். மன்னரின் ஆண்டில் ஓடியவர் மன்னரேதான். எந்த மேடை ஏறினாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். "ஓடின ஓட்டத்துல, அங்கி மேல என் ஆசிரியர் தோளில் கட்டிவிட்ட பட்டை எங்கயோ விழுந்துடுச்சு. வலது ஓரத்துல பாருங்க, வெறும் தோளோட மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பேன்" என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

தேட ஓர் ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று துணைவேந்தர் பிடிவாதம் பிடித்தபோது சார் சொன்ன பெயர் லென்ஸ். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவளை, இத்தனை வருஷம் கழித்து, சார் நினைவு வைத்திருந்தார். தொலைபேசியில் "கண்ணு" என்றுதான் கூப்பிட்டார். வகுப்பிலும் அப்படித்தான். "மத்தவங்க பாக்கறாங்க, நீதான் கவனிக்கறே" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். அன்று இரவு அவள் பெட்டியின் அடியிலிருந்து நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டதை வாலுவிடம் சொல்லவில்லை.

சாரே வழியும் காட்டினார். படம் எடுத்த ஸ்டூடியோ மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மாணவர்கள் வாங்கிய பிரதிகளில் மிஞ்சியவை இரண்டே பாதிகள். வலது பாதி ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினியர் ஒருவரிடம், இடது பாதி ஒரு டிரைவிங் ஸ்கூல் அம்மாளிடம். இரண்டையும் கொண்டுவந்தால் ஒட்டிவைத்துப் புதுப்படம் எடுத்து விழாவுக்குள் மாட்டிவிடலாம் என்றார். திருடனைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

வலது பாதியை நேற்றே சட்டமில்லாமல் சுருட்டிக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தாகிவிட்டது. ரயில்வே இன்ஜினியர் அதைச் சுலபத்தில் தரவில்லை. அவர் தோளில் கை போட்டு நிற்கும் நண்பன் செத்துப் போய்விட்டானாம், அவனுடைய படம் இது ஒன்றுதானாம். "பத்திரமா திரும்பி வரணும்மா" என்றார். "என் பொறுப்பு சார்" என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கி வந்தாள்.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒரு கார் விக்கி விக்கி நின்றது. உள்ளேயிருந்து வந்த குரல் அதைவிடப் பெரியது. "கிளட்ச்ல இருந்து காலை எடுக்கச் சொன்னேன், பிடுங்கச் சொல்லல." அந்த அம்மாளை ஊரே கிளட்ச் அம்மா என்றுதான் கூப்பிடும். அந்த ஆண்டு பொறியியல் படித்த ஒரே பெண். பாலம் கட்ட ஆசைப்பட்டவர், பாலத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

சாலைக் குறியீட்டு அட்டவணைக்கு மேலே அந்தப் பாதிப்படம் தொங்கியது. பாதியே ஓர் ஆள் நீளம்.

"முழுசா எந்த வீட்டுச் சுவத்துல நிக்கும் சொல்லுங்க?" என்றார் கிளட்ச் அம்மா. "அவங்கவங்க மூஞ்சி இருக்கற பக்கத்தை வச்சுக்கிட்டு மீதியை வெட்டிட்டோம். நான் இடது பக்கம்."

லென்ஸ் ஸ்டூல் போட்டு ஏறினாள். பூதக்கண்ணாடியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். மன்னர்தான். முப்பது வயது குறைந்த மன்னர். தோளில் பட்டை அழகாகக் கட்டியிருந்தது. கண்ணாடி முகத்தைத் தாண்டி நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. அவள் வாலுவை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

வாலு பார்த்தான். "காது முழுசா இருக்கே."

நேற்று பார்த்த வலது ஓரத்து முகத்தில் பட்டை இல்லை, காதில் பிறை இருந்தது. இதில் பட்டை இருக்கிறது, பிறை இல்லை.

"ஓடும்போது பட்டை விழும், சரி" என்றான் வாலு மெதுவாக. "காதுமாக்கா விழும்?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை வரிசைகளின் நடுப்பக்கம் நகர்த்தினாள். மண்டபத்தில் தொங்கும் மற்ற எல்லா ஆண்டுப் படங்களிலும் நடுவில் நிற்பவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தியிருப்பார்கள். பாதிப்பேர் கழுத்தைத் திருப்பியிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து ஓடினால் யார்தான் சும்மா நிற்பார்கள்? இந்தப் படத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் நேரே பார்த்து விறைப்பாக நின்றார்கள். நேற்றைய பாதியிலும் அப்படியேதான்.

"அவர் ஓடினதை நீங்க பார்த்தீங்களாம்மா?"

கிளட்ச் அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் சொல்றாங்க. நானும் பார்த்த மாதிரிதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். "கேட்டதுக்கு அப்புறம் யோசிக்கறேன். பார்க்கல."

யாரும் ஓடவில்லை. ஓடாத ஓட்டத்துக்குத்தான் இத்தனை வருஷம் கைதட்டியிருக்கிறார்கள். அவரவர் முகம் இருந்த பாதியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்ததால், இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முழுப்படம் மண்டபத்தில் எட்டாத உயரத்தில் தொங்கியது. இரண்டு ஓரத்திலும் இருந்தது ஒரே முகம்தான், ஆனால் இரண்டு ஆள். மன்னரோ தான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று உலகத்துக்கே சொல்லி வைத்திருக்கிறார்.

"போன வாரமும் ஒருத்தர் இதைப் பாக்க வந்தார்" என்றார் கிளட்ச் அம்மா. "தாடி வச்சவர், நடையில ஒரு சாய்வு. ரொம்ப நேரம் நின்னு பார்த்தார். அந்த இடது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். யாருன்னு கேட்டேன், சொல்லல. சார் இன்னும் இருக்காரான்னு மட்டும் கேட்டார். இருக்கார்னேன். 'சார் என்னை மறந்திருக்க மாட்டார்'னு சொல்லிட்டுப் போனார்."

அப்படியென்றால் அந்தத் தாடிக்காரர் சாரைப் பார்த்திருக்க வேண்டும். சார் ஏன் இதைத் தன்னிடம் சொல்லவில்லை? ஒருவேளை அவர் போகாமல் இருந்திருக்கலாம். விழா வேலையில் சார் மறந்திருக்கலாம். லென்ஸுக்கு வழக்குகளில் இப்படி 'ஒருவேளை' போடும் பழக்கம் கிடையாது. இன்று வரிசையாகப் போட்டாள்.

பாதிப்படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனது தனிக் கூத்து. வாலு அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்ததில் பாதி சாலை அடைபட்டது. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பரம்பரையையே விசாரித்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, கண்ணாடிக்குள்ள அறுபது பேர் உக்காந்திருக்காங்க, டிக்கெட் எடுத்துடறோம்" என்றான் வாலு.

கிளட்ச் அம்மாவும் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். மனசு சரியில்லை, என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும் என்றார்.

பல்கலைக்கழக வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் ஒருவர் ஒதுங்கி நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளைக் கட்டியிருந்தார். அழைப்பு இல்லாத ஆள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

வாலு அவள் முதுகைச் சுரண்டினான். "அக்கா. நம்ம மன்னர் தாடி வச்சுக்கிட்டு, காதையும் ரிப்பேர் பண்ணிக்கிட்டு வந்திருக்கார்."

லென்ஸ் வண்டியை நிறுத்தி அவரிடம் போனாள். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. சாரைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்றார் அவர். அந்தப் படத்தை எல்லார் முன்னாலும் ஒரு தடவை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டாராம். "சார் பார்த்துக்கறேன்னு சொன்னாரும்மா. அதான் வந்து நிக்கறேன்." அந்தக் குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. அதைக் கேட்கத்தான் அவளால் முடியவில்லை.

மேல்மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. குறுகலாகப் போய், பாதியில் சட்டென்று மடங்கும். மடங்கும் இடத்தில் தலைக்கு மேல் கூரை தாழ்ந்திருக்கும். அங்கே படம் மாட்டிக்கொண்டது. வாலு சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான், தானே படத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டான்.

"பாதிக்கே இந்தப் பாடு" என்றான் மூச்சு வாங்க. "முழுசை எடுத்துட்டுப் போனவன் எப்படித்தான் இறக்கினானோ. அவனைப் பிடிச்சா முதல்ல கையைக் குலுக்கணும்."

லென்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

எடுத்துப் பல வருஷம் கழித்து அந்த முழுப்படம் மேலே ஏறிய நாள் அவளுக்குத் தெரியும். அவள் அப்போது மாணவி. படம் சுருட்டித்தான் வந்தது. கண்ணாடியைத் துண்டுகளாக மேலே ஏற்றி, தச்சரை மேலேயே உட்கார வைத்து, மண்டபத்துத் தரையில் வைத்துத்தான் சட்டம் அடித்தார்கள். ஒரு மூலையை அவளே பிடித்திருந்தாள். மறு மூலையைப் பிடித்தவர் சார். இந்தப் படிக்கட்டில் அது இறங்காது. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. வெளியாள் திருடியிருந்தால் சட்டத்தை உடைத்துப் போட்டுவிட்டுப் படத்தைச் சுருட்டிக் கொண்டு போயிருப்பான். சட்டமும் காணோம், கண்ணாடியும் காணோம், தரையில் ஒரு சில்லுகூட இல்லை.

அப்படியென்றால் படம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. மாடியில் மண்டபத்தைத் தவிர இருப்பது ஒரு கழிப்பறையும் சார் அறையும்தான்.

வாலு அவள் முகத்தைப் பார்த்தான். அவனைப் படத்தோடு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் ஏறினாள். அந்தப் படிகளில் எத்தனையோ முறை ஓடி ஏறியிருக்கிறாள். இன்று கால் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து வைத்தது.

"வா கண்ணு, கிடைச்சுதா?" என்றார் சார்.

விழாவுக்கான புதுக் கோட்டு. சவரம் செய்த முகம். வெளியே நல்ல வெயில்; அறையில் திரைச்சீலை இழுத்து மூடி, விளக்கு எரிந்தது. வெளிச்சம் இல்லாமல் மனுஷன் எப்படிப் படிப்பான் என்று வகுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்கிறவர் அவர்.

நேற்றுக் கொடுத்த வலது பாதி எங்கே என்று கேட்டாள். ஒட்டுவதற்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். எந்தக் கடை என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். விடை தெரியாத மாணவனுக்கு நேரம் கொடுக்க அவர் வகுப்பில் செய்கிற வேலை அது. இப்போது தனக்கே கொடுத்துக்கொண்டார்.

அவள் போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

ஜன்னல் திண்டின் மேல், சுவரோடு சாய்ந்து, முழுப்படமும் நின்றது. ஒரு கீறல் இல்லை. வெயில் பட்டதும் கண்ணாடி பளிச்சென்றது. அவள் குனிந்து மேசைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள். அதில் வலது பாதி கீற்றுக் கீற்றாகக் கிடந்தது. ஒரு கீற்றில் யாரோ ஒருவர் தோளில் ஒரு கை இருந்தது, கைக்குச் சொந்தக்காரர் இல்லை.

"இதை உடைக்கக் கை வரல கண்ணு" என்றார் சார். "நானே சட்டம் போட்டு மாட்டினது."

"அதைக் கிழிக்க வந்துச்சா சார்?"

அவர் கூடையைக் காலால் மேசைக்குள் தள்ளினார். பிறகு அவராகவே பேசினார், பாடம் நடத்துகிற அதே நிதானத்தில். இங்கே நிஜமாகப் படித்தவன் விபத்தில் அடிபட்டு வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். படம் எடுத்த அன்று வேடிக்கை பார்க்க வந்து, இரவல் அங்கி மாட்டிக்கொண்டு வலது ஓரத்தில் நின்ற கூடப்பிறந்தவன், படித்தவனுடைய சான்றிதழை எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். சான்றிதழோடு பெயரையும் எடுத்துக்கொண்டான். எழுந்து நடமாடியபோது படித்தவனிடம் எதுவுமே மிச்சமில்லை. சொன்னால் நம்ப ஆளும் இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மன்னன் முதல் தடவை என்னைப் பாக்க வந்த அன்னிக்கே. நான் நடத்தினதுல ஒரு வரிகூட அவனுக்குத் தெரியல." சார் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. "போன வாரம் மத்தவன் வந்தான். தாடியும் அதுவுமா. கதவுல நின்னு 'உள்ள வரலாமா சார்'னு கேட்டான். அந்தக் கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு."

"பட்டை கட்டிவிட்டது உங்க கைதானே சார். அவருக்குக் கட்டின கை."

"நான் முப்பது வருஷமா இந்த மண்டபத்துல அடுத்தவங்க படத்தை மாட்டறேன் கண்ணு. சாயாம இருக்கான்னு தள்ளி நின்னு பாக்கறேன். எனக்குன்னு ஒருத்தன் வாயைத் திறக்கல. இவன் திறக்கறேன்னான்."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் குரல் எதிலும் சேராமல் வெளியே வந்தது. "என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"வேற யாரை வச்சாலும் எல்லா இடத்துலயும் தேடுவான், என் அறை உட்பட. நீ தேட மாட்டே. எது கிடைச்சாலும் முதல்ல என்கிட்டதான் கொண்டு வருவே." யாரும் கேட்காமலேயே மீதியையும் சொன்னார். "நீ பெரிய ஆளா வந்து என் பேரைச் சொல்லுவேன்னுதான் நான் முதல்ல நம்பினேன். நீ நாய் தேடப் போயிட்டே."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஊரெல்லாம் சுற்றி, வாக்குக் கொடுத்து வாங்கி, மிச்சமிருந்த சாட்சியைத் தானே தூக்கிவந்து கிழிக்கக் கொடுத்திருக்கிறாள். அதற்கு இஸ்திரி போட்ட புடவை வேறு. சுவரில் தன் படம் ஏற யாராவது தன் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று அவர் ஏங்கினார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக அவள் இத்தனை வருஷம் ஏங்கினாள். அந்த ஏக்கத்தைக் கயிறாக்கித்தான் அவளைக் கட்டி இழுத்திருக்கிறார்.

"வாலு" என்று கூப்பிட்டாள். பாதிப்படத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவன் எப்போதோ வாசலுக்கு வந்துவிட்டிருந்தான்.

இரண்டு பேருமாக முழுப்படத்தைத் தூக்கினார்கள். அறைக் கதவிலிருந்து மண்டபம் நேர் வழி, எங்கேயும் மடங்க வேண்டியதில்லை. சார் எழுந்து தடுப்பார் என்று வாலு பயந்தான். அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார். பழைய ஆணிகள் அங்கேயேதான் இருந்தன. இந்த முறை உயரத்தில் மாட்டவில்லை. வாலு ஆணிகளைப் பிடுங்கிக் கண் மட்டத்தில் அடித்தான். அடித்து முடிக்கும்வரை அவன் ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை. அவள் மூலையில் நின்று, சாயாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். தள்ளி நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் சார்தான் என்பது நினைவுக்கு வந்து தொலைத்தது.

மாலையும் கூட்டமுமாக மன்னர் மேலே வந்தார். பக்கத்தில் துணைவேந்தர், பின்னால் பத்திரிகைக்காரர்கள். படத்தைப் பார்த்ததும் துணைவேந்தருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிடைத்துவிட்டதே, அந்த ஓட்டக் கதையைப் படத்தின் பக்கத்தில் நின்றே சொல்லுங்கள் என்றார். மன்னர் சொல்ல ஆரம்பித்தார், வழக்கமான இடத்தில் நிறுத்தினார், கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

கைதட்டலுக்குப் பதிலாகப் படிக்கட்டிலிருந்து கிளட்ச் அம்மாவின் குரல் வந்தது. "நடுவுல நின்ன எங்கள்ல ஒருத்தர் மூஞ்சியிலயாவது சிரிப்பு இருக்கா பாருங்க." அவருக்குப் பின்னால் கொஞ்சம் சாய்ந்து நடந்து ஒருவர் வந்தார். மன்னரின் வாய் திறந்தபடியே நின்றது.

லென்ஸ் கழுத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துணைவேந்தர் கையில் கொடுத்தாள். முதலில் இடது ஓரத்துத் தோளையும் காதையும் பாருங்கள், அப்புறம் வலது ஓரம் என்று மட்டும் சொன்னாள். துணைவேந்தர் பார்த்தார். திரும்பி உயிரோடு நின்ற இரண்டு காதுகளையும் பார்த்தார். மன்னரின் கை தன்னையறியாமல் காதை மூடியது. அது எந்த வாக்குமூலத்தையும்விடத் தெளிவாக இருந்தது.

"உங்க பேரு?" என்று துணைவேந்தர் தாடிக்காரரைக் கேட்டார்.

அவர் சொன்னார். எத்தனையோ வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். வாலு போய்ப் புது ஓவியத்தின் திரைக்குக் கீழே தெரிந்த பித்தளைத் தகட்டைப் படித்தான். அதே பெயர். "படத்தை மட்டும் மாத்தினாப் போதும்க்கா" என்றான்.

துணைவேந்தர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை பேர் இத்தனை வருஷம் பார்த்த படம், உங்கள் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று வியந்தார். பிறகு பழக்க தோஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த மண்டபத்துக் கேள்வி வந்துவிட்டது. "யாரிடம் படித்தீர்கள்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சார் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு பெயர் சொல்லலாம். யாரிடமும் படிக்கவில்லை என்றும் சொல்லலாம். பொய் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

"சார்கிட்ட" என்று அந்த அறையைக் காட்டினாள்.

பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மண்டபம் முழுவதும் திரும்பிக் காத்திருந்தது. முப்பது வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தவர், கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.